டிரான்ஸ்ஃபார்மர் நேம் பிளேட்டைப் படிப்பது எப்படி?

டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. அது மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது என்பார்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சாதனங்களுக்குள் அதிக மின்சாரம் பாய்ந்து எரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 500 கேவிஏ (டிரான்ஸ்ஃபார்மரின் அளவைச் சொல்லும் அலகு) என்று எழுதியிருப்பதால் அது எந்நேரமும் 500 கேவிஏ கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்று நம்புகிறவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் வேர் ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மரின் உடம்பில் பதித்திருக்கும் நேம் பிளேட்டில் உள்ள எண்களை ‘இவ்வளவு தருவேன்’ என்று படிக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை ‘இவ்வளவுவரை தாங்குவேன், அதுவும் இந்த நிபந்தனைகளோடு’ என்று சொல்பவை. எதைத் தாங்குவது? முக்கியமாக, சூட்டை. அது புரிய, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

## கியர் செய்கிற வேலை

கியர் வைத்த சைக்கிளில் மேடு ஏறுகிறீர்கள். கியரைக் குறைத்ததும் கால் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் அழுத்தம் குறைவாக இருந்தால் போதும். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் நல்ல பலத்தோடு சுற்றுகிறது. கியர் புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்கவில்லை. வேகத்தை விட்டுக்கொடுத்து பலத்தை வாங்கித் தந்தது, அவ்வளவுதான்.

டிரான்ஸ்ஃபார்மரில் வேகத்தின் இடத்தில் வோல்டேஜ், பலத்தின் இடத்தில் மின்னோட்டம். வோல்டேஜ் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம், வோல்ட்டில் அளப்போம். மின்னோட்டம் என்பது கம்பியில் ஓடும் அளவு, ஆம்பியரில் அளப்போம். இரண்டையும் பெருக்கினால் வருவது ஏறக்குறைய இரு பக்கமும் ஒன்றே. வோல்டேஜ் பத்தில் ஒரு பங்காக இறங்கினால் மின்னோட்டம் பத்து மடங்கு எடுக்கலாம். உயர்த்தினால் நேர் எதிர்.

இந்த ஒப்பீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கால் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கியர் அல்ல, மேடு. டிரான்ஸ்ஃபார்மரிலும் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது மறுபக்கத்தில் மாட்டியிருக்கும் சாதனங்கள்தான். அந்தச் சாதனங்களின் மொத்தத்தை லோடு என்கிறோம். ஒரு விளக்கு மட்டும் எரிந்தால், பின்னால் இருப்பது 25 கேவிஏவாக இருந்தாலும் 2500 கேவிஏவாக இருந்தாலும் விளக்குக்குத் தேவையானது மட்டுமே ஓடும்.

கியரில் பல்லும் சங்கிலியும் தொட்டுக்கொள்கின்றன. சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு பக்கமும் மின்கம்பியால் இணைந்திருப்பதே இல்லை. ஒப்பீடு இந்த இடத்தோடு முடிகிறது.

## தொடாமல் கடத்துவது எப்படி

இரும்பால் ஆன ஒரு சட்டம். அதைக் கோர் என்கிறார்கள். அதன்மேல் காப்பு போட்ட கம்பியால் இரண்டு சுருள்கள். மின்சாரம் நுழைவது முதன்மைச் சுருள், வெளியேறுவது துணைச் சுருள்.

முதன்மைச் சுருளில் கொடுப்பது ஏசி மின்சாரம், அதாவது நொடிக்குப் பலமுறை திசை மாறும் மின்சாரம். அது கோருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தக் காந்தப்புலமும் ஏறி இறங்கித் திசை மாறிக்கொண்டே இருக்கும். மாறுகின்ற காந்தப்புலம் தன்னைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு கம்பிச் சுற்றிலும் வோல்டேஜை எழுப்பும். மைக்கேல் ஃபாரடே 1831இல் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டது இதைத்தான். காந்தப்புலம் நிலையாக இருந்தால் ஒன்றும் எழாது. ஃபாரடேயின் கருவியிலும் பேட்டரியை இணைத்தபோதும் பிரித்தபோதும் மட்டுமே மறுபக்கத்துக் காந்த முள் துள்ளியது. டிரான்ஸ்ஃபார்மர் டிசியில், அதாவது திசை மாறாத மின்சாரத்தில், வேலை செய்யாததற்குக் காரணம் இதுவே.

இரண்டு சுருள்களும் ஒரே கோரில் இருப்பதால், ஒரு சுற்றுக்கு எழும் வோல்டேஜ் இரண்டிலும் ஒன்றுதான். 230 வோல்ட் கொடுக்கும் முதன்மைச் சுருளில் 460 சுற்று இருந்தால் சுற்றுக்கு அரை வோல்ட். துணைச் சுருளில் 24 சுற்று வைத்தால் 12 வோல்ட். அந்த 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்தால் 60 வாட். அதற்காக 230 வோல்ட் பக்கம் 0.26 ஆம்பியர் உள்ளே வந்தால் போதும். கணக்கு இவ்வளவுதான், ஆயிரக்கணக்கான கேவிஏவுக்கும் இதே கணக்குத்தான்.

துணைச் சுருள் எவ்வளவு எடுக்கிறது என்பது முதன்மைச் சுருளுக்கு எப்படித் தெரியும்? மாறும் காந்தப்புலம் துணைச் சுருளில் மட்டும் வோல்டேஜை எழுப்புவதில்லை, முதன்மைச் சுருளிலும் எழுப்புகிறது. அது வருகிற வோல்டேஜுக்கு எதிராக நின்று தடுக்கும். லோடு இல்லாதபோது வருவதும் தடுப்பதும் கிட்டத்தட்டச் சமம். கோரைக் காந்தமாக்கத் தேவையான சிறு மின்னோட்டம் மட்டும் ஓடும். லோடு வந்து துணைச் சுருளில் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும், அது கோரின் காந்தப்புலத்தைக் குறைக்கப் பார்க்கும். குறைந்தால் தடுப்பும் குறையும். உடனே முதன்மைச் சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக் காந்தப்புலத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும். எந்தச் சென்சாரும் இல்லை, எந்தக் கட்டுப்பாட்டு அட்டையும் இல்லை. பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

அந்த ‘உம்ம்’ சத்தம்? நிறைய மின்சாரம் ஓடுவதால் வரும் சத்தம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது கோரின் சத்தம். காந்தமாகும்போது இரும்புத் தகடுகள் மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்கும். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி உள்ள மின்சாரத்தில், சுழற்சிக்கு இரண்டு முறை வீதம் நொடிக்கு 100 முறை இப்படி நடக்கும். லோடே இல்லாவிட்டாலும் சத்தம் இருப்பது அதனால்தான்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: சுற்றுகளின் விகிதம் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது, லோடு மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் தானாக எதையும் தள்ளுவதில்லை.

## சூடுதான் எல்லை

டிரான்ஸ்ஃபார்மரில் சுழலும் பாகம் கிடையாது. பெரியவற்றில் திறன் 98, 99 சதவீதத்தைத் தாண்டும். மீதி ஒன்றிரண்டு சதவீதம் சூடாகிறது. அது இரண்டு இடத்திலிருந்து வருகிறது.

ஒன்று கோர் இழப்பு. இரும்பு நொடிக்குப் பலமுறை காந்தத் திசையை மாற்றிக்கொள்வதற்கு ஆகும் செலவு இது. இது வோல்டேஜைப் பொறுத்தது, லோடைப் பொறுத்ததல்ல. இணைப்பு கொடுத்துவிட்டால் இரவும் பகலும் ஆகிக்கொண்டே இருக்கும். இதைக் குறைக்கத்தான் கோரை ஒரே இரும்புக் கட்டியாகச் செய்யாமல், சிலிக்கான் கலந்த மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்கிறார்கள்.

இரண்டாவது காப்பர் இழப்பு. சுருளில் மின்னோட்டம் ஓடுவதால் கம்பி சூடாவது. இது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பாதி லோடில் கால் பங்கு; 20 சதவீதம் கூடுதல் லோடில் 44 சதவீதம் கூடுதல் சூடு. கம்பி அலுமினியமாக இருந்தாலும் பெயர் காப்பர் இழப்புத்தான்!

சூடானால் என்ன? இரும்புக்கும் செம்புக்கும் பெரிய சேதமில்லை. சேதம் காகிதத்துக்கு. எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மரில் கம்பிகளைச் சுற்றியிருக்கும் காப்பு பெரும்பாலும் காகிதம். சாதாரண காப்புக் காகிதம், அதன் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருந்தால் இயல்பான வேகத்தில் மூப்படையும். அதற்குமேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பு வேகம் இரண்டு மடங்காகும் என்பது சர்வதேசத் தரநிலை எடுத்துக்கொள்ளும் கணக்கு. அதாவது ஓவர்லோடு ஆனதும் டிரான்ஸ்ஃபார்மர் நின்றுவிடாது, அன்றே வெடித்துவிடவும் செய்யாது. ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். நிறுத்துவது அதனுடன் வைத்திருக்கும் ஃப்யூஸ், ரிலே, பிரேக்கர் போன்ற பாதுகாப்புச் சாதனங்களின் வேலை.

உள்ளே இருக்கும் எண்ணெயும் உராய்வைக் குறைக்க ஊற்றியதல்ல. சூட்டைச் சுருளிலிருந்து வெளிச்சுவருக்கு எடுத்துச் செல்வதும், மின்காப்பாக நிற்பதும்தான் அதன் வேலை.

## கேவிஏ ஏன், கிலோவாட் ஏன் இல்லை

இப்போது நேம் பிளேட்டின் முதல் எண்ணுக்கு வரலாம். கேவிஏ என்பது வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் அப்படியே பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது. கிலோவாட் என்பது உண்மையில் வேலையாகவோ வெப்பமாகவோ மாறும் சக்தி. மோட்டார் போன்ற சாதனங்களில் வோல்டேஜும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அதனால் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் வேலையாக மாறாது. கிலோவாட்டுக்கும் கேவிஏவுக்கும் உள்ள விகிதமே பவர் ஃபேக்டர்.

டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்குவது எவை என்று பார்த்தோம்: வோல்டேஜ் கோரை, மின்னோட்டம் சுருளை. அந்த மின்னோட்டம் மறுமுனையில் வேலை செய்ததா, சும்மா போய்வந்ததா என்பது சுருளுக்குத் தெரியாது. அதற்கு இரண்டும் ஒரே சூடுதான். லோடின் பவர் ஃபேக்டர் எப்படி இருக்கும் என்று தயாரிப்பாளருக்கும் தெரியாது. அதனால் எல்லையை கேவிஏவில்தான் சொல்ல முடியும். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரில் பவர் ஃபேக்டர் 0.8 உள்ள லோடு போட்டால் 400 கிலோவாட்டிலேயே எல்லை வந்துவிடும். மின்தேக்கிகள் வைத்து பவர் ஃபேக்டரைச் சரிசெய்தால் அதே டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

## ஒரு நேம் பிளேட்டை வரிவரியாக

உதாரணத்துக்கு இப்படி ஒரு பிளேட்: 500 கேவிஏ, 3 ஃபேஸ், 50 ஹெர்ட்ஸ், 11000/433 வோல்ட், 26.24/666.7 ஆம்பியர், டி.ஒய்.என்.11, இம்பீடன்ஸ் 4.5 சதவீதம், ஓ.என்.ஏ.என்., வெப்ப ஏற்றம் எண்ணெய் 50, சுருள் 55.

ஆம்பியர் எண்களை நீங்களே சரிபார்க்கலாம். மூன்று ஃபேஸ் (மூன்று கம்பிகளில் வரும் மின்சாரம்) என்பதால் கேவிஏவை வோல்ட்-ஆம்பியராக்கி, அதாவது ஆயிரத்தால் பெருக்கி, வோல்டேஜாலும் 1.732ஆலும் (3இன் வர்க்கமூலம்) வகுக்க வேண்டும். 5,00,000ஐ 11,000ஆலும் 1.732ஆலும் வகுத்தால் 26.24. 433 வோல்ட்டுக்குச் செய்தால் 666.7. ஒரே சக்தி, ஒரு பக்கம் 26 ஆம்பியர், இன்னொரு பக்கம் 667. ஒரே பருமனுள்ள கம்பியில் இந்த இரண்டையும் ஓடவிட்டால் இழப்பு அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். தூரத்துக்கு அனுப்ப உயர்ந்த வோல்டேஜ் ஏன் என்ற கேள்விக்கு இந்த ஒரு வரியே பதில்.

433 என்ற எண் பலரைக் குழப்பும். அது லோடு இல்லாதபோது கிடைக்கும் வோல்டேஜ். லோடு ஏற ஏற டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே கொஞ்சம் வோல்டேஜ் இறங்கும்; அதற்காக முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கிறார்கள். இந்த 433 இரண்டு ஃபேஸுக்கு இடையில் அளந்தது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நான்காவது கம்பி) இடையில் அளந்தால் 250 வரும்.

50 ஹெர்ட்ஸ் என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. அதே வோல்டேஜை மெதுவாக மாறும் மின்சாரத்தில் எழுப்ப வேண்டுமென்றால் கோரில் காந்தப்புலம் அதிகமாக வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை அதே வோல்டேஜில் 50 ஹெர்ட்ஸில் மாட்டினால் காந்தப்புலம் 20 சதவீதம் ஏறும். கோர் அதற்குமேல் காந்தமாக முடியாத நிலைக்குப் போய், லோடே இல்லாமல் மின்னோட்டம் தாறுமாறாக ஏறும்.

ஓ.என்.ஏ.என். என்றால் எண்ணெய் தானாகச் சுழன்று, வெளிக்காற்றும் தானாக வீசிக் குளிர்விக்கும் அமைப்பு. கடைசி இரண்டு எழுத்துகள் ஏ.எஃப். என்று இருந்தால் விசிறி உண்டு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இரண்டு கேவிஏ எண்கள் இருக்கும். சிறியது விசிறி ஓடாதபோது, பெரியது ஓடும்போது. இரும்பும் செம்பும் அதேதான். குளிர்விப்பை மாற்றினாலே ரேட்டிங் மாறுகிறது என்பதைவிடத் தெளிவாக, கேவிஏ ஒரு சூட்டு எல்லை என்று சொல்ல முடியாது.

வெப்ப ஏற்றம் 55 என்றால் சுருள் 55 டிகிரிதான் போகும் என்று அர்த்தமில்லை. சுற்றுப்புற வெப்பநிலைக்கு மேல் 55 டிகிரி ஏறலாம். வெளியே 40 என்றால் சுருள் சராசரியாக 95. கைவைத்துப் பார்த்து ‘கொதிக்கிறது, ஏதோ கோளாறு’ என்பது சரியான சோதனை அல்ல என்பதும் இதிலிருந்தே தெரியும். கைவைப்பதே தப்பு, அது வேறு விஷயம்.

## இம்பீடன்ஸ்: சின்ன எண், பெரிய சேதி

இம்பீடன்ஸ் என்பது மின்னோட்டத்துக்கு டிரான்ஸ்ஃபார்மரே காட்டும் தடை. பிளேட்டில் உள்ள 4.5 சதவீதம் என்பதைத் திறன் இழப்பு என்று நினைப்பது பரவலான தவறு. இது ஒரு சோதனையிலிருந்து வருவது. 433 வோல்ட் பக்கத்தை முழுக்க ஷார்ட் செய்துவிட்டு, 11,000 வோல்ட் பக்கத்தில் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல வோல்டேஜை ஏற்றுகிறார்கள். முழு லோடு மின்னோட்டம் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்தால் 495. அது 11,000இல் 4.5 சதவீதம்.

இதைத் திருப்பிப் படியுங்கள். வெறும் 495 வோல்ட்டுக்கே முழு மின்னோட்டம் ஓடுகிறதென்றால், முழு 11,000 வோல்ட் இருக்கும்போது வெளியே ஷார்ட் ஆனால்? 666.7ஐ 0.045ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14,800 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் வைக்கும் பிரேக்கர் இதை அறுக்கும் வலுவோடு இருக்க வேண்டும். அதே இம்பீடன்ஸ் உள்ள 1000 கேவிஏவை மாட்டினால் இந்த எண் இரண்டு மடங்காகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மரால் வரக்கூடிய உண்மையான ஆபத்து இதுதான்: ஷார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் பழைய பிரேக்கர் தாங்காமல் போவது. சாதாரண நேரத்தில் சாதனங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த எண் மிகக் குறைவாக இருந்தால் ஷார்ட் மின்னோட்டம் பயங்கரமாகும். அதிகமாக இருந்தால் லோடு ஏறும்போது வோல்டேஜ் அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவில்தான் வடிவமைக்கிறார்கள்.

## டி.ஒய்.என்.11: ஜோடி சேர்க்கும்போது மட்டும்

தொடக்க நிலையில் இதைக் கொஞ்சம் மட்டும் தெரிந்துகொண்டால் போதும். டி என்றால் உயர் வோல்டேஜ் சுருள்கள் முக்கோணமாக இணைந்தவை. ஒய் என்றால் தாழ் வோல்டேஜ் சுருள்கள் நட்சத்திரமாக இணைந்தவை. என் என்றால் நியூட்ரல் வெளியே வருகிறது. 11 என்பது கடிகார மணி. உயர் வோல்டேஜ் பக்கத்தைப் பன்னிரண்டில் நிறுத்தினால் தாழ் வோல்டேஜ் பக்கம் பதினொன்றில் நிற்கும், அதாவது 30 டிகிரி முன்னால்.

தனியாக ஓடும் டிரான்ஸ்ஃபார்மரில் இது பெரிய விஷயமில்லை. இரண்டைச் சேர்த்து ஒரே லோடுக்கு ஓட்டும்போதுதான் விவகாரம். இரண்டும் 433 வோல்ட்தான், ஆனால் ஒன்று 11 மணி, இன்னொன்று 12 மணி என்றால், ஒரே பெயருள்ள இரண்டு முனைகளுக்கு நடுவில் ஏறக்குறைய 130 வோல்ட் இருக்கும். இணைத்த கணமே, லோடு எதுவும் இல்லாமல், நம் உதாரண டிரான்ஸ்ஃபார்மரில் முழு மின்னோட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இரண்டுக்கும் இடையே சுற்றும். வோல்ட்மீட்டரில் இரண்டும் தனித்தனியே 433 காட்டியதே என்று அப்புறம் சொல்லிப் பயனில்லை.

## டேப் அட்டவணை

பிளேட்டின் ஓரத்தில் ஒரு சிறு அட்டவணை இருக்கும்: 1 என்றால் 11,550; 2 என்றால் 11,275; 3 என்றால் 11,000; 4 என்றால் 10,725; 5 என்றால் 10,450. இவை உயர் வோல்டேஜ் சுருளில் எத்தனை சுற்று வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடங்கள். டேப் என்பது சுருளின் நடுவிலிருந்து வெளியே எடுத்த இணைப்பு.

வருகிற வோல்டேஜ் எப்போதும் 10,450 அளவிலேயே இருக்கிறது, டேப் மட்டும் 3இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 433க்குப் பதில் 411 கிடைக்கும். டேப்பை 5க்கு மாற்றினால் மறுபடி 433. வருவதற்கு மிக நெருங்கிய வோல்ட் எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் விதி. தேர்ந்தெடுக்கும் வோல்ட் எண் (டேப்பின் வரிசை எண் அல்ல) குறையக் குறைய வெளியே வோல்டேஜ் ஏறும். ஆனால் இது நிமிடத்துக்கு நிமிடம் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் அல்ல. வருகிற வோல்டேஜ் ஆடினால் வெளியே வருவதும் அதே விகிதத்தில் ஆடத்தான் செய்யும்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் மாற்றும் தனி அமைப்பு உண்டு. சிறிய விநியோக டிரான்ஸ்ஃபார்மர்களில் பொதுவாகக் கைப்பிடியும் பூட்டும் மட்டுமே இருக்கும். இணைப்பை முழுவதும் துண்டித்த பிறகே அதைத் திருப்பலாம். இணைப்பு இருக்கும்போது திருப்பினால், ஒரு தொடுமுனையிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் சுருளின் சுற்று அறுந்து, எண்ணெய்க்குள்ளேயே தீப்பொறி வளைவு உண்டாகும். எண்ணெய் வாயுவாகித் தொட்டி வெடிக்கக்கூடும். அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில் எச்சரிக்கை வாசகம் வைப்பது அதற்காகத்தான்.